ரிலே போட்டும் ஹெட்லைட் வெளிச்சம் கூடவில்லை, ஏன்?

கேள்வி, 2022 நவம்பர் 6

அண்ணன்மாரே, வண்டி 2014 மாடல், 350 சிசி, 60/55 ஹாலோஜன் பல்ப் (பிரைட் 60 வாட், டிம் 55 வாட்). ராத்திரி எதிரே லாரி வந்தால் என் லைட் எரிகிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வரும். எல்லோரும் சொன்னதால் ஆன்லைனில் ரிலே கிட் (பல்பின் கரண்டைப் பழைய சுவிட்ச் வழியாக விடாமல், தனி வயரில் கொண்டுவரும் மின்காந்த சுவிட்ச்) வாங்கி, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாட்டினேன். வெளிச்சத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பல்பைக் கழற்றி ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது, அதாவது கரண்ட் முழுசாக வருகிறது. ரிலே என்பதே சுத்த ஏமாற்று, 100/90 பல்ப் போட்டுக்கொள் என்கிறார் எலக்ட்ரீஷியன். அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது.

பதில், நவம்பர் 6, இரவு

சரியில்லை. பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் எந்த வண்டியிலும் 12.6 காட்டும். கரண்ட் ஓடாதபோது வயரில் எதுவும் குறையாது. ஒரே ஒரு நூலிழை செம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12.6தான் சொல்லும். பல்ப் எரியும்போது அளக்க வேண்டும்.

எப்படி என்றால், ஹெட்லைட் டூமை (பல்ப் இருக்கும் கூடு) திறந்து, பல்பை ஹோல்டரிலேயே வைத்துக்கொண்டு லைட்டைப் போடுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனையை ஹோல்டரின் பின்பக்கம் வழியாக, எரிந்துகொண்டிருக்கும் இழைக்குரிய பின்னில் வையுங்கள். வரும் எண் பிளஸ் பக்கம் எவ்வளவு தொலைகிறது என்பது. அப்புறம் ஹோல்டரின் எர்த் (மைனஸ்) பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அதே மாதிரி. இரண்டையும் எழுதிப் போடுங்கள். கூடவே, ரிலேக்கு சப்ளை எங்கிருந்து எடுத்தார், எர்த் எங்கே மாட்டினார், இதையும் பார்த்துச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்துதான் எடுத்திருப்பார் என்று நம்பிவிடாதீர்கள், வயரைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள்.

நவம்பர் 7

என் கணக்கைப் போடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். என் வண்டியும் 350 சிசி ஒற்றை சிலிண்டர்தான் (கம்பெனிப் பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் பேச்சு வயரிங்கை விட்டுவிட்டு எங்கேயோ போய்விடும்). ரிலே போடுவதற்கு முன்னால், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.7, பல்பில் 11.9. ஆக 1.8 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. அதில் பிளஸ் பக்கம் 1.3, எர்த் பக்கம் 0.5.

அந்த 1.3ஐப் பிரித்துப் பார்த்தேன். சாவி சுவிட்ச்சில் 0.4, ஹேண்டில் சுவிட்ச்களில் 0.5, மிச்சம் கப்ளர்களிலும் (வயர்களைச் சேர்க்கும் சொருகிகள்) வயரிலும். எதுவும் கெட்டுப்போகவில்லை. வயதான வண்டியில் எல்லா இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் கூட்டினால் கணிசமாக வரும்.

இரண்டு வோல்ட்கூட இல்லையே, இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நானும் நினைத்ததுண்டு. இழை பல்புகளில் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய 3.4 அடுக்கில் விழும். பத்து சதவீத வோல்ட்டேஜ் குறைந்தால் முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். நிறமும் மஞ்சளாகும். நம் 60/55 பல்பின் வகைப்பெயர் எச்4. அதற்கு உரிய வெளிச்ச அளவான 1650 லூமென் (பிரைட்), 1000 லூமென் (டிம்) எல்லாம் 13.2 வோல்ட்டில் அளந்தது. 11.9இல் டிம் வெறும் 700 சொச்சம்தான். ரிலே போட்ட பிறகு எனக்குப் பல்பில் 13.3 வந்தது. அதே பல்ப், அதே ரிஃப்ளெக்டர், வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஏமாற்று என்று சொல்ல மனசு வரவில்லை.

நவம்பர் 7, மறுபடியும்

100/90 பற்றிச் சொல்லாமல் விட்டேன். என் பழைய வயரிங்கின் மொத்தத் தடை கணக்குப்படி 0.37 ஓம். 60 வாட் பல்புக்கு ஐந்து ஆம்பியர் ஓடும்போது வயரிங்குக்குள் சூடாகப் போவது 9 வாட். 100 வாட் போட்டால் எட்டு ஆம்பியர், வயரிங்கில் மூன்று வோல்ட் போகும், சூடு 23 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றை எடுத்து வயரிங்குக்குள் சொருகி வைத்த மாதிரி. அந்தச் சூடு எல்லா இடத்திலும் சமமாகப் பரவாது, எந்த இணைப்பு மோசமோ அங்கே போய் உட்காரும். டிம்-பிரைட் சுவிட்ச் உருகுவதும் ஹோல்டர் கருகுவதும் இதனால்தான். இவ்வளவுக்கும் பிறகு பல்புக்குப் போவது பதினொன்றுக்கும் கீழே. வாங்கிய 100 வாட்டில் பாதி வெளிச்சம்கூட ரோட்டுக்கு வராது.

மேக்னட் காயில் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது) அந்தக் கூடுதல் 40 வாட்டை ஐடிலிங்கில் கொடுக்காது என்பது தனி. சட்டமும் தனி. ரோட்டில் ஓட்ட 60/55க்கு மேல் கூடாது.

நவம்பர் 9

தம்பியின் பதில் வந்துவிட்டது. பேட்டரியில் 13.5, பல்பில் 11.6. ஹாரன் அடித்தால் லைட் மங்குகிறதாம். அந்த ஒரு வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் சப்ளையை ஹாரன் வயரிலிருந்து எடுத்திருக்கிறார். ஹாரன் டூம் பக்கத்திலேயே இருக்கிறது, டேங்கைக் கழற்ற வேண்டாம், சீட்டைக் கழற்ற வேண்டாம், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். மாட்டியவர் பக்கம் நின்று பார்த்தால் புரிகிறது, டேங்கைக் கழற்றி மாட்டும் கூலிக்கு யாரும் சம்மதிப்பதில்லை.

தம்பி, அந்த ஹாரன் வயரும் சாவி சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது. அதுவும் மெல்லிய வயர். நீங்கள் போட்டிருக்கும் இரட்டை ஹாரனும் அதே வயரில் குடித்தனம் நடத்துகிறது. ரிலே என்பது பெரிய சுவிட்ச், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் சப்ளை நன்றாக இருந்தால்தான் அது கொடுப்பதும் நன்றாக இருக்கும். கிட்டின் தடித்த சிவப்பு வயரை பியூஸோடு நேராகப் பேட்டரி பிளஸ்ஸுக்குக் கொண்டு போங்கள். பியூஸ் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும், ஒரு சாணுக்குள். டூமுக்குள் பியூஸ் வைத்தால் டேங்குக்கு அடியில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் சாவியை அணைத்த பிறகும் எரியுமா என்று இன்னொருவர் கேட்கிறார். எரியாது. ரிலேக்குள் சுவிட்ச்சை இழுக்கும் காயிலுக்குச் சப்ளை பழைய ஹெட்லைட் வயரிலிருந்து, அது சாவிக்குக் கீழே. சாவி போனால் காயில் போகும், காயில் போனால் லைட் போகும்.

நவம்பர் 9, பிறகு ஞாபகம் வந்தது

எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் எலக்ட்ரீஷியனை. ஃபிரேமில் பெயின்ட் மேலேயே லக்கை (வயர் முனைத் தகடு) வைத்து போல்ட் முறுக்கியிருந்தால் மரைகள் வழியாக மட்டும்தான் கரண்ட் போகும். சுரண்டினால் பிற்பாடு துரு பிடிக்கும் என்று கவலைப்படுபவர்கள் எர்த்துக்கும் தனி வயர் இழுத்துப் பேட்டரி மைனஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன். பிளஸ் பக்கம் அத்தனை மெனக்கெட்டுவிட்டு எர்த்தைப் பழையபடியே விட்டவர்கள் நிறைய, அவர்களுக்குப் பாதிப் பலன்தான்.

வயர் கனம்: 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். பியூஸ் 10 ஆம்பியர் போதும், 15 வரை போகலாம்.

நவம்பர் 13

திருச்சிக்காரர் ஒருவர், ரிலேயை மாட்டி லைட் சுவிட்ச்சைப் போட்டவுடனே வண்டியின் பியூஸ் போகிறது, மூன்று பியூஸ் காலி என்கிறார். கிட்டின் பியூஸ் போகவில்லை, வண்டியின் சொந்த பியூஸ்தான் போகிறது என்பதைக் கவனியுங்கள். காயில் பக்கம்தான் கோளாறு. ரிலேயின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். காயிலின் இரு முனைகளான 85க்கும் 86க்கும் நடுவே டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) குறி இருக்கிறதா? இருந்தால் 86 பிளஸ், 85 மைனஸ் என்றுதான் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டையோடு வழியாக நேரடி ஷார்ட். டையோடு இல்லாத சாதா ரிலேக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒன்றுதான்.

டையோடு எதற்கு என்றால், காயிலை அணைக்கும்போது அது திருப்பி ஒரு உதை உதைக்கும், அந்த உதை சுவிட்ச்சின் காண்டாக்ட்டில் பொறியாகப் பறக்கும். டையோடு அதை வாங்கிக்கொள்ளும்.

கார் கிட் வாங்கி பைக்கில் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில ஜப்பான் கார்களில் ஹெட்லைட்டின் பிளஸ் எப்போதும் இருக்கும், சுவிட்ச் மைனஸை வெட்டிச் சேர்க்கும். அந்த மாதிரிக் கார்களுக்கான கிட் நம் வண்டியில் ஒத்துவராது. மாட்டிவிட்டு ரிலேயைக் குற்றம் சொல்வார்கள்.

நவம்பர் 20, ராத்திரி

ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்த எனக்கு இன்று கிடைத்தது. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும்போது ஒரு இடது கொண்டை ஊசி வளைவில் லைட் சட்டென்று போய், ஹேண்டில் நேரானதும் வந்தது. பனி வேறு. அடுத்த இடது வளைவில் மறுபடியும். வலது வளைவுகளில் ஒன்றும் இல்லை. நல்லவேளையாகப் பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, அதன் வெளிச்சத்திலேயே மிச்ச வளைவுகளைக் கடந்தேன். டிரைவர் என்ன நினைத்தாரோ, முந்தவே இல்லை.

பிரைட்டில் போட்டால் போகவில்லை. டிம்மில் மட்டும். நாளை பார்க்கிறேன்.

நவம்பர் 21

இந்த மாதிரிக் கோளாறில் ரிலே போட்டவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, காதால் கண்டுபிடிக்கலாம். இன்ஜினை அணைத்து, சாவியைப் போட்டு, டிம்மில் வைத்து, ஹேண்டிலை மெதுவாக இடது பக்கம் திருப்பினேன். கடைசி இரண்டு அங்குலத்தில் லைட் போனது. போகும்போது டூமுக்குள் “டிக்”.

டிக் கேட்டால் காயிலுக்குப் போகும் சப்ளை அறுந்திருக்கிறது. பழைய ஹெட்லைட் வயர், சுவிட்ச், கப்ளர் பக்கம் தேட வேண்டும். டிக் கேட்காமலே லைட் போனால் ரிலே இழுத்தபடிதான் இருக்கிறது, அப்போது ரிலேயின் 30 (பேட்டரி சப்ளை வரும் பின்), 87 (பல்புக்குப் போகும் பின்), பல்ப், எர்த் பக்கம். தேட வேண்டிய வயரில் பாதி ஒரு நொடியில் கழிந்துவிட்டது. இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

இங்கே நிறையப் பேர் ரிலேயை மாற்று, பல்பை மாற்று என்று எழுதுகிறீர்கள். பணம் உங்களுடையது இல்லையே!

நவம்பர் 27

கிடைத்தது. 86இல் மீட்டரை வைத்து ஹேண்டிலைத் திருப்பினால் 12 வோல்ட் சுழிக்கு விழுகிறது. டிம்-பிரைட் சுவிட்ச்சிலிருந்து வரும் வயரை ஒவ்வொரு விரலிடையாக அழுத்திக்கொண்டே போனேன். ஸ்டீயரிங் கழுத்தை ஒட்டி ஒரு இடத்தில் வயர் மட்டும் தொளதொளவென்று மடங்கியது. மற்ற இடங்களில் மடக்கினால் திமிறும், அந்த இடத்தில் திமிரே இல்லை. மேலே உள்ள பிளாஸ்டிக் முழுசாக இருக்கிறது, பளபளப்புகூடப் போகவில்லை. பிளேடால் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து பச்சை பூத்துக் கிடக்கின்றன. ஹேண்டில் நேராக இருக்கும்போது இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு வேலை செய்திருக்கின்றன, இடது பக்கம் இழுக்கும்போது பிரிந்திருக்கின்றன.

காரணமும் அங்கேயே இருந்தது. வயரிங் கட்டை ஃபிரேம் கழுத்தோடு இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் டேக். ஹேண்டில் திரும்பும்போது கட்டு முழுக்க அசைய வேண்டும், அந்த டேக் அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, எல்லா மடிப்பும் ஒரே புள்ளியில். யார் கட்டினார்கள் என்று தெரியாது, வண்டி என்னிடம் வந்தபோதே இருந்திருக்கலாம். வெட்டி எறிந்துவிட்டேன்.

நான்கு விரல் நீளத்துக்குப் புது வயர் வைத்து இணைத்தாயிற்று. சால்டர் செய்யலாமா, கிரிம்ப் செய்யலாமா என்ற பழைய சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம். நான் மடங்கும் இடத்தைத் தவிர்த்து, இரண்டு முனைகளையும் நேரான பகுதியில் இணைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டேன். சால்டர் செய்த இடம் விறைத்துவிடும், மடங்கும் இடத்தில் வைத்தால் அதன் விளிம்பில் மறுபடியும் அறும்.

டிசம்பர் 4

100 சிசி வண்டிக்காரர்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், எங்களுக்கும் இதே கிட் போடலாமா என்று. முதலில் ஒன்று பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியைப் போட்டால் ஹெட்லைட் எரிகிறதா? எரிந்தால் டிசி (லைட் பேட்டரியில் எரிகிறது), மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். இன்ஜின் ஓடினால்தான் எரியும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பிரகாசமாகும், சிக்னலில் நின்றால் மங்கும் என்றால் ஏசி (லைட் நேராக மேக்னட் காயிலில் எரிகிறது). பழைய ஸ்ப்ளெண்டர் வகையறா இப்படித்தான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் சுவிட்ச்சே கிடையாது, இன்ஜின் ஓடினால் லைட்டும் எரியும். டிசி வண்டியிலும் அப்படித்தான், அதனால் அவற்றில் இந்தச் சோதனை மட்டும் போதாது. ஹோல்டரில் மீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள்.

ஏசி வண்டியில் இந்த ரிலேயைப் போட்டால் டிசி காயில் தடதடவென்று அடித்துக்கொள்ளும். சரி, ரிலே காயிலுக்கு டிசி கொடுத்து, லைட்டைப் பேட்டரியிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம், கொஞ்ச நாளில் பேட்டரி படுத்துவிடும். அந்த வண்டிகளில் மேக்னட் காயிலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜ் இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் லைட் இவற்றுக்குத்தான் கணக்குப் பண்ணி வைத்தது. 35 வாட் ஹெட்லைட்டை அது தாங்காது.

முறையாகச் செய்ய வேண்டுமென்றால் மேக்னட் காயிலின் எர்த் முனையைப் பிரித்துத் தனியே வெளியே எடுத்து, முழு அலை ரெக்டிபையர் (ஏசியை டிசியாக்குவது) போட்டு, அதன் பிறகு லைட்டை டிசிக்கு மாற்ற வேண்டும். மேக்னட் கவரைக் கழற்றும் வேலை. கை பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

இந்தச் சின்ன வண்டிகளின் எச்எஸ்1 35/35 பல்புக்குப் பதிலாக எச்4 60/55 போட்டால் என்ன என்பவர்களுக்கு: எச்எஸ்1 பிரைட்டில் 825 லூமென், எச்4 அதில் இரட்டிப்பு, ஆசை வரத்தான் செய்யும். மேக்னட் காயில் கொடுக்கும் வாட்டேஜ் அதேதான். அறுபது வாட் பல்புக்கு முப்பத்தைந்து வாட் ஊட்டினால் அது மஞ்சளாக முழித்துக்கொண்டு நிற்கும், பழைய பல்பைவிட மோசமாக.

டிசம்பர் 11

வளைவில் போவது நின்றுவிட்டது. ஆனால் மேடு பள்ளத்தில் ஒரு கண்சிமிட்டல் மிச்சம் இருக்கிறது. டிக் சத்தமும் உண்டு. ஆக இன்னும் காயில் பக்கம்தான்.

வேடிக்கை என்னவென்றால் ரிலே போடுவதற்கு முன்னால் இந்தச் சிமிட்டல் கிடையாது. ரிலே போட்டதால்தான் வந்தது. முந்தைய பதிவுகளில் நான் ரிலேயை அவ்வளவு புகழ்ந்திருக்கிறேன், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யோசித்துப் பார்த்ததில் இரண்டு காரணம். ஒன்று, பழைய நாளில் டிம்-பிரைட் சுவிட்ச் வழியாக ஐந்து ஆம்பியர் ஓடியது. அந்த ஓட்டமே காண்டாக்ட்டின் மேல் படியும் கறுப்புப் படலத்தை எரித்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். இப்போது காயிலுக்குப் போவது 0.15 ஆம்பியர், படலத்தைத் துளைக்க அதற்குத் தெம்பு இல்லை. இரண்டாவது, முன்னால் சுவிட்ச் ஒரு கணம் விட்டுப் பிடித்தாலும் பல்பின் இழை சூடாகவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இப்போது அந்த ஒரு கணத்தில் ரிலே விழுகிறது, மறுபடி இழுக்கிறது, இழை நிஜமாகவே ஆறிப்போய்த் திரும்ப எரிகிறது. சுவிட்ச் அன்றும் இதே லட்சணத்தில்தான் இருந்திருக்கும்.

அதனால் ரிலே போடுகிறவர்கள் அதே நாளில் சுவிட்ச்சையும் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். திறக்கும்போது ஒரு வெள்ளைத் துணியை ஹேண்டிலுக்குக் கீழே கட்டிக்கொள்வது நல்லது. உள்ளே ஒரு மயிரிழை ஸ்பிரிங்கும் அதன் தலையில் கடுகளவு எஃகு குண்டும் இருக்கும், விடுதலை கிடைத்ததும் அவை நேராகச் சாக்கடையைத் தேடித்தான் போகும். என் குண்டு பக்கத்து வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, தேய்ந்த பழைய எமரியால் லேசாக இரண்டு இழுப்பு, துடைத்துவிட்டுத் துளி வாசலின். செம்புத் தகடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் சுவிட்ச்சையே மாற்றுவதுதான் வழி.

டிசம்பர் 12

சுத்தம் செய்த பிறகு சிமிட்டல் இல்லை. நேற்று ராத்திரி கொல்லிமலைக்கே போய்ப் பார்த்துவிட்டேன், எழுபது கொண்டை ஊசியும் தாண்டி ஏறி இறங்கியாயிற்று.

எல்ஈடி போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று எழுதியவருக்கு: உண்மை, 20, 25 வாட் எல்ஈடிக்கு இரண்டு ஆம்பியர்தான், ரிலேக்கு வேலையே இல்லை. ஆனால் எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே வருபவன் கண்ணில் அடிக்காமல் வெளிச்சத்தை மேலே வெட்டுவது அதுதான். ரிஃப்ளெக்டரின் வளைவெல்லாம் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்து வரைந்தது. எல்ஈடி சில்லு அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் வெளிச்சம் மரக்கிளைக்குப் போகும், எதிர் டிரைவர் கண்ணுக்குப் போகும், ரோட்டுக்கு மட்டும் வராது. சுவரில் அடித்துப் பார்த்துக் கோடு சுத்தமாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்லவையும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு மழையிலும் பனியிலும் ஹாலோஜனின் மஞ்சள்தான் ஒத்துவருகிறது. வயதும் ஆகிறது.

டிசம்பர் 18

கேள்வி கேட்ட தம்பி சப்ளையைப் பேட்டரிக்கு மாற்றி, எர்த்தும் தனியாக இழுத்துவிட்டார். பல்பில் 13.1. இப்போது புதுப் புகார்: எதிரே வருகிறவர்கள் எல்லோரும் பிரைட் அடித்துத் திட்டுகிறார்களாம். இத்தனை நாளும் லைட் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, மங்கலாக இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

சமதரையில் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை ஸ்டாண்டில் போடாமல் நிறுத்தி, நீங்கள் மேலே உட்காருங்கள். லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்து, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அதற்கு ஒரு சாண் கீழே விழுமாறு டூம் போல்ட்டைத் தளர்த்திச் சாயுங்கள். அதற்கு முன் டயர் காற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு ஆள் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து லைட் மேலே தூக்கும், எப்போதும் இரட்டையாகப் போகிறவர் இருவருமாக உட்கார்ந்தே செட் செய்யுங்கள்.

2023 ஜனவரி 8

வயர் கனம் பற்றி நவம்பரில் 2.5 என்று எழுதியிருந்தேன். இப்போது மனம் மாறிவிட்டது, 1.5 போதும். பேட்டரியிலிருந்து டூம் வரைக்கும் திரும்பி வரவும் சேர்த்து மூன்று மீட்டர் என்று வைத்தாலும் 1.5இல் 0.17 வோல்ட் போகும், 2.5இல் 0.1. அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 2.5 வயர் டூமுக்குள் மடங்க மாட்டேன் என்கிறது, கழுத்தருகே விறைத்து நிற்கிறது, சாதா லக்குகளில் நுழையவில்லை. வீட்டு வயரிங்குக்கு விற்கும் வயரை வாங்காதீர்கள், இழைகள் தடிப்பாக இருக்கும், அசைவு தாங்காது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வண்டி வயர் என்று கேட்டு வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது.

ரிலேயை மாட்டும்போது பின்கள் கீழே பார்த்தபடி மாட்டுங்கள். மேலே பார்த்தபடி இருந்தால் மழைத் தண்ணீர் சாக்கெட்டுக்குள் தேங்கும்.

சீட்டுக்கு அடியில் ஒரு உபரி ரிலேயும் ஒரு சாண் வயரின் இரண்டு முனையிலும் லக் வைத்ததும் போட்டு வைத்திருக்கிறேன். நடுவழியில் ரிலே போய் உபரியும் இல்லையென்றால், ரிலேயைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டில் 30க்கும் 87க்கும் அந்தத் துண்டு வயரைச் சொருகினால் லைட் எரியும், பியூஸும் வழியில் இருக்கும். சுவிட்ச்சுக்கும் சாவிக்கும் அது கட்டுப்படாது, வீடு வந்ததும் வயரைப் பிடுங்க மறந்தால் 14 ஆம்பியர் பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் காலி, காலையில் கிக்கரைத்தான் உதைக்க வேண்டும்.